புதிய நாற்காலியைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள், குறை சொல்லலாமா?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 33. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஆறு ஆண்டுகளுக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாமல் போயிற்று. கடைத்தெருவில் செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தினர், நெம்புகோலை இழுத்தால் ஆளை அப்படியே எழுப்பி நிற்க வைக்கும் சக்கர நாற்காலி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அதை மூன்று மாதம் என் வீட்டிலும் கடையிலும் பயன்படுத்திப் பார்த்து, வாரம் ஒரு முறை செல்போனில் படிவம் நிரப்பி அனுப்பக் கேட்கிறார்கள். பணம் எதுவும் வாங்கவில்லை. நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசுகிறார்கள். என் மனைவிதான் பயப்படுகிறாள். 'உங்களைப் பரிசோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்' என்கிறாள். நான் ஒப்புக்கொள்ளலாமா? இலவசமாகக் கொடுப்பவர்களிடம் குறை சொன்னால் மனம் நோக மாட்டார்களா? பத்தாவது வரை படித்த நான் என்ஜினியர்களுக்கு என்ன எழுதிவிட முடியும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் ஒரு மருத்துவப் பரிசோதனையும் ஒரு கையெழுத்துத் தாளும் இருக்கின்றன. அவை இரண்டும் முடியாமல் அந்த நாற்காலியில் நீங்கள் ஒரு முறைகூட எழுந்து நிற்கக் கூடாது. அவற்றைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். குறை சொன்னால் மனம் நோகுமோ என்ற உங்கள் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன், ஏனென்றால் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செயல்முறை சிகிச்சையாளராக, அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணியாற்றும் எனக்கு, நல்ல நோக்கத்தோடு தொடங்கிய பல முயற்சிகள் வீணானதற்குக் காரணம் இந்தத் தயக்கம்தான் என்று தோன்றுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தொண்டு அமைப்பு வழங்கிய சக்கர நாற்காலிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டுவர ஒரு மாதம் கழித்து வீடு வீடாகப் போனோம். கேட்ட எல்லோரும் "நல்லா இருக்குங்க" என்றார்கள். படிவம் முழுவதும் நல்ல பதில்களால் நிரம்பியது. ஒரு வீட்டில் விடைபெற்றுக்கொண்டு கொல்லைப்புறமாக வந்தபோது, அந்த நாற்காலியின் மேல் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன். திரும்பிப் போய்க் கேட்டதும் அந்தப் பெரியவர் கலங்கிவிட்டார். நாற்காலியின் கைப்பிடி கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்பட்டிருந்தது. கட்டிலிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து அதில் உட்கார வழியில்லை. ஒவ்வொரு முறையும் மனைவி தூக்கி வைக்க வேண்டியிருந்தது. அவருக்கும் முதுகு வலி வந்ததும் நாற்காலியை ஓரங்கட்டிவிட்டார்கள். "கொடுத்தவங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான் சொல்லலை" என்றார். அந்தப் பண்பை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் படிவங்களில் குறையே இல்லாததால், அடுத்த தொகுதி நாற்காலிகளும் அதே பற்றவைத்த கைப்பிடியோடு வந்து சேர்ந்தன. கொடுத்தவர்களின் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, அவர்களை அருகில் வைத்துக்கொண்டு, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டது எங்கள் தவறு. வேறென்ன பதிலை அவர் சொல்லியிருக்க முடியும்?

இது நம் ஊருக்கு மட்டும் உரிய செய்தியும் இல்லை. 1993-இல் அமெரிக்காவில் ஃபிலிப்ஸ், ஜாவோ என்ற இரு ஆய்வாளர்கள், உதவி உபகரணங்களைப் பயன்படுத்தும் 227 மாற்றுத்திறனாளிகளிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வில், பெற்ற உபகரணங்களில் 29.3 விழுக்காடு முற்றிலும் கைவிடப்பட்டிருந்தது தெரியவந்தது. உபகரணம் சரியாக வேலை செய்யாததும், காலப்போக்கில் தேவை மாறியதும் காரணங்களில் சில. உபகரணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துபவரின் கருத்தைப் பொருட்படுத்தாததும் முக்கியமான காரணமாக நின்றது. எனவே, அந்த நிறுவனத்துப் பிள்ளைகள் உங்களிடம் எதிர்பார்த்து வந்திருப்பது பாராட்டை அன்று, குறைகளைத்தான். மூன்று மாதத்தில் வெளிவராத குறை, நாளை நூறு பேர் வீட்டில் வெளிவரும். அப்போது அதைத் திருத்துவதற்கு அச்சும் இரும்பும் செலவாகும், யாருக்காவது கால் எலும்பும் முறியக்கூடும். நீங்கள் இன்று எழுதும் குறை அவர்களுக்குச் செய்யும் உதவி. அதை எழுதாமல் விடுவதுதான் அவர்களுடைய உழைப்புக்குச் செய்யும் கேடு. தயக்கமாக இருந்தால் முதல் நாளிலேயே அவர்களிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்: "நான் குறைகளை எழுதினால் நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" அவர்கள் முகம் சுளித்தால், அந்தச் சோதனையில் சேர வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை.

அடுத்து, பத்தாவது படித்தவர் என்ஜினியருக்கு என்ன எழுத முடியும் என்ற கேள்வி. சக்கர நாற்காலிகளின் உறுதியைச் சோதிக்க ஐஎஸ்ஓ 7176 என்ற பன்னாட்டுத் தரவிதித் தொகுப்பு இருக்கிறது. அதன் ஒரு பகுதியில், ஆள் எடையுள்ள பொம்மையை நாற்காலியில் உட்கார வைத்து, பட்டைகள் பொருத்திய இரண்டு உருளைகளின் மேல் 2,00,000 சுற்றுகள் ஓட்டுவார்கள். பிறகு 50 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 6,666 முறை தரையில் விழச் செய்வார்கள். சட்டகம் உடையவில்லை என்றால் அது தேறியது. அவசியமான சோதனை, உங்களிடம் வரும் நாற்காலி அதில் தேறியிருக்கிறதா என்று நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பொம்மை ஐப்பசி மழையில் களிமண் தெருவைக் கடப்பதில்லை. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் காயப்போட்ட வைக்கோல் முன் சிறுசக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொண்டு சக்கரத்தை நிறுத்திவிடும் என்பது அந்த உருளைக்குத் தெரியாது. நிலைப்படியின் உயரம், கழிவறைக் கதவின் அகலம், கடைக்கு வெளியே தகரக் கூரை முடியும் இடத்தில் சித்திரை வெயிலில் நிறுத்திய நாற்காலியின் இரும்பு உணர்வில்லாத தொடையைச் சுட்டுவிடும் என்ற ஆபத்து, இவை எல்லாம் உங்களுக்கு அன்றாடம். இவற்றை எழுத எந்தப் பட்டமும் வேண்டாம்.

இந்தத் துறையின் வரலாற்றில் பெரிய மாற்றங்களில் பல, அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களிடமிருந்து வந்தவை. மடக்கக்கூடிய இரும்புச் சக்கர நாற்காலி 1933-இல் அமெரிக்காவில் உருவானதற்குக் காரணமான ஹெர்பர்ட் எவரெஸ்ட், 1918-இல் சுரங்க விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர். காரில் ஏற்றிச் செல்ல முடியாத நாற்காலி தனக்கு எதற்கு என்ற தேவையிலிருந்து, ஹாரி ஜென்னிங்ஸ் என்ற என்ஜினியர் நண்பரோடு சேர்ந்து அதைச் செய்தார். ரால்ஃப் ஹாட்ச்கிஸ் 1966-இல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் சக்கர நாற்காலிக்கு வந்த என்ஜினியர். அவர் 1980-இல் நிகராகுவா நாட்டுக்குப் போனபோது, நான்கு இளைஞர்கள் ஒரே நாற்காலியைப் பகிர்ந்துகொண்டு, அது உடையும்போதெல்லாம் தாங்களே ஒட்டவைத்துப் பயன்படுத்துவதைக் கண்டார். தான் கற்றுக்கொடுக்க வந்த இடத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. கரடுமுரடான தரையில் குப்புறக் கவிழாதபடி அகலமான முன்சக்கரமும் நீண்ட அடித்தளமும் கொண்ட நாற்காலி வடிவங்கள் அந்த வழியில் வந்தவை. நம் நாட்டில் ஜெய்ப்பூர் கால் 1968-இல் உருவானதும் இப்படித்தான். ராம் சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் கவனித்தது, கால் இழந்தவர்கள் வெளிநாட்டு முறைச் செயற்கைக் காலை ஏன் மூலையில் வைத்துவிடுகிறார்கள் என்பதைத்தான். குந்தி உட்கார முடியவில்லை, சம்மணமிட முடியவில்லை, வெறுங்காலோடு வயலில் நடக்க முடியவில்லை. அந்தக் குறைகளையே அவர்கள் வடிவத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது உங்கள் உடலுக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

எழுந்து நிற்க வைக்கும் நாற்காலியால் நன்மை உண்டு. மேல் தட்டில் இருக்கும் காகிதக் கட்டை நீங்களே எடுக்கலாம். வாடிக்கையாளரின் கண்ணுக்கு நேர் கண் பார்த்துப் பேசலாம். தசை இறுக்கம் குறைவதாகச் சிலர் சொல்கிறார்கள். சென்னை ஐஐடியின் மறுவாழ்வு ஆய்வு மையம் 2019-இல் இத்தகைய நாற்காலி ஒன்றை வெளியிட்டது. எனவே இது நம் மாநிலத்துக்குப் புதிய கருத்தும் இல்லை. ஆனால் நீங்கள் ஆறு ஆண்டுகளாக நிற்கவில்லை. முதுகுத்தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கால்கள் எடை தாங்காமல் போகும்போது, கால் எலும்புகள் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே சுண்ணாம்புச் சத்தை வெகுவாக இழக்கின்றன. முழங்காலை ஒட்டிய தொடை எலும்பின் கீழ்ப்பகுதியும் முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பின் மேல்பகுதியும் மிக மெலிந்துபோகின்றன. அப்படிப்பட்ட காலில் திடீரென்று முழு உடல் எடையும் இறங்கினால் எலும்பு முறியலாம். முறிந்தாலும் உங்களுக்கு வலிக்காது. காலில் காரணமில்லாத வீக்கமும் சூடும் இருப்பதை மறுநாள்தான் பார்ப்பீர்கள். ஆகவே, மறுவாழ்வு மருத்துவத் துறை உள்ள மருத்துவமனைக்குப் போய், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டுகள் முழுவதும் நீளுகின்றனவா என்றும் அவர் பார்க்க வேண்டும். மடங்கி இறுகிப்போன மூட்டை இயந்திரம் வலிந்து நீட்டினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அடுத்தது இரத்த அழுத்தம். நெடுநாள் உட்கார்ந்தே இருந்தவர் நிமிர்ந்ததும் இரத்தம் கால்களில் தேங்கி, அழுத்தம் சரிந்து, கண் இருண்டு மயக்கம் வரலாம். அதனால்தான் மருத்துவமனைகளில் முதலில் சாய்வுப் பலகையில் படுக்க வைத்துக் கட்டி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகச் சாய்வை உயர்த்திப் பழக்குகிறோம். அந்தப் பழக்கம் முடிந்த பிறகே நாற்காலி.

நாற்காலி வந்த பிறகு உங்கள் தோல்தான் கவலைக்குரியது. அழுத்தப்புண் எப்படி வருகிறது, ஆறுவதற்கு எத்தனை மாதம் படுத்துக் கிடக்க வேண்டியிருக்கும் என்பது ஆறு ஆண்டுகளில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நிற்கவைக்கும் நாற்காலியில் புதிய இடங்கள் அழுந்துகின்றன. எழும்போதும் உட்காரும்போதும் முதுகு சாய்மானத்தில் உரசி நகர்வதால் வால் எலும்பின் மேல் தோல் இழுபடும். நின்றபடி இருக்கையில் முழங்கால் முன்னால் சரியாதபடி தடுக்கும் பட்டை, முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் முழு விசையோடு அழுந்தும். கணுக்காலும் உள்ளங்காலும் பல ஆண்டுகளுக்குப் பின் எடை தாங்கும். முதல் நாள் அரை மணி நேரத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம். இறங்கியதும் கண்ணாடி வைத்தும், மனைவியைப் பார்க்கச் சொல்லியும் இந்த இடங்களைப் பாருங்கள். புத்தகங்களில் 'சிவந்த தோல்' என்று எழுதியிருக்கும். நம் நிறத்தில் சிவப்பு தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கருத்திருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கட்டியாகவோ இருக்கிறதா என்று பார்ப்பதே நமக்குச் சரியான வழி. அரை மணி நேரத்துக்குள் அது மறையவில்லை என்றால், அன்று அந்த நாற்காலி போதும். அந்தச் செய்தியை வாராந்தரப் படிவம் வரும்வரை காத்திருக்காமல் அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். தோல் இடம் கொடுத்தால் நாளுக்குச் சிறிது நேரம் கூட்டிக்கொண்டே போகலாம். பதினைந்து, முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை உடலைத் தூக்கியோ முன்பக்கம் சாய்ந்தோ அழுத்தத்தைத் தளர்த்தும் உங்கள் பழைய வழக்கத்தை, 'இதில்தான் எழுந்து நிற்கிறோமே' என்று விட்டுவிடாதீர்கள். யூரின் பேக் அணிபவர் என்றால், எழும்போது குழாய் எங்கேயாவது சிக்கி இழுபடுகிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

உணர்வில்லாத உடலுக்கு ஒரு பொருளைச் சோதிப்பது எப்படி என்பதில் நமக்கு அருகிலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1950-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும், தொழுநோயாளிகளின் பாதங்கள் சிதைவதற்குக் காரணம் நோய் தசையைத் தின்பது அன்று, உணர்வு போன பாதம் காயத்தை அறியாததே என்று கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு எந்தச் செருப்பு அந்தப் பாதத்தைக் காக்கும் என்ற தேடல் தொடங்கியது. அணிந்தவரிடம் 'உறுத்துகிறதா?' என்று கேட்டுப் பயனில்லை, அவருக்கு உறுத்தாது. அணிந்து நடந்து வந்தவரின் பாதத்தைக் கழுவி, தினமும் கண்ணால் பார்த்து, கையால் தடவி, சூடு எங்கே, தடிப்பு எங்கே என்று குறித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு, அந்த மைக்ரோசெல்லுலார் ரப்பர் பரம்பரையில் வந்ததுதான். அந்த நோயாளிகளும் சோதித்தவர்களே. அவர்கள் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

இனி உங்கள் மனைவியின் அச்சத்துக்கு வருவோம். அது நியாயமான அச்சம். அவரைச் சமாதானப்படுத்தி ஒதுக்கிவிட வேண்டாம். எலியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, எலியால் நடுவில் விலகவும் முடியாது. உங்களிடம் முறையாகச் சம்மதம் கேட்டிருக்கிறார்களா, விலகும் வழியை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்பதைப் பார்த்தால் அவர் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் ஆறாவது பிரிவு, கொடுமையிலிருந்தும் மனிதத்தன்மையற்ற நடத்தையிலிருந்தும் பாதுகாப்பு அளிக்கும் பிரிவு. எந்த மாற்றுத்திறனாளியையும், அவருக்குப் புரியும் வழியில் விளக்கிப் பெற்ற சுதந்திரமான ஒப்புதல் இல்லாமல் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அதோடு, அரசு அமைக்கும் ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதோர் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவு பெற்ற அமைப்பினராகவோ இருக்க வேண்டும் என்றும் சட்டம் வரையறுக்கிறது. 'இது ஆய்வு இல்லை, சும்மா பயன்படுத்திப் பார்ப்பதுதான்' என்று அவர்கள் சொல்லலாம். உங்கள் உடலை வைத்து மூன்று மாதம் தகவல் திரட்டப் போகிறவர்களிடம், எந்த நெறிமுறைக் குழு இதைப் பார்த்து அனுமதித்தது என்று கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலை வாங்கிப் பார்ப்பது உங்கள் உரிமை. பொறுப்பானவர்கள் என்றால் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அதை வீட்டில் இரண்டு நாள் வைத்துக்கொண்டு மனைவியையும் படிக்கச் சொல்லுங்கள். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நாற்காலியால் காயம் நேர்ந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு என்பது, 'பார்த்துக்கொள்வோம்' என்ற வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வர வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளும் ஆய்வினால் காயமுற்றவருக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்றே சொல்கின்றன. மருத்துவப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவு உங்கள் கையிலிருந்து போகக் கூடாது. கடையை மூடிவிட்டு அவர்களோடு செலவிடும் நேரத்துக்கு ஈடு கேட்பதும் தவறில்லை. மூன்று மாதம் கவனித்து எழுதுவது வேலை, வேலைக்கு மதிப்பு உண்டு. நீங்கள் எழுந்து நிற்கும் படத்தையும் வீடியோவையும் அவர்கள் விளம்பரத்தில் போடலாமா என்பதற்குத் தனியாகக் கையெழுத்துக் கேட்க வேண்டும். அதற்கு மட்டும் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு மற்றதில் தொடரவும் உங்களால் முடிய வேண்டும்.

எப்படி எழுதுவது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. செல்போன் படிவத்தில் 'இருக்கை வசதியாக உள்ளதா? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தருக' என்பது போன்ற கேள்விகள்தான் பெரும்பாலும் இருக்கும். நிரப்பிக் கொடுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பள்ளி நோட்டு ஒன்றை வாங்கிக் கடையில் வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். 'பிரேக் சரியில்லை' என்று எழுதினால் என்ஜினியருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. 'செவ்வாய்க்கிழமை காலை மழைக்குப் பின் கடை வாசல் சரிவில் பிரேக் போட்டு நின்றேன். வலது சக்கரம் பிடித்தது, இடது சக்கரம் ஒரு சாண் வழுக்கியது. டயரில் சேறு இருந்தது' என்று எழுதினால், அதை அவர் தன் மேசையில் திரும்பச் செய்து பார்க்க முடியும். நாற்காலியைப் பயன்படுத்தாத நாட்களை எழுதுவது அதைவிட முக்கியம். கல்யாண வீட்டுக்குப் போகும்போது ஏன் பழைய நாற்காலியில் போனீர்கள்? ஆட்டோவில் மடக்கி வைக்க முடியாத அளவுக்கு எடை கூடுதலா, மண்டபத்தில் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள் என்ற கூச்சமா? இரண்டுமே பொருளைப் பற்றிய தகவல்கள்தான். பங்சர் ஆனபோது உங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரரால் ஒட்ட முடிந்ததா, போல்ட் கழன்றபோது அதற்கான ஸ்பேனர் கடைத்தெருவில் கிடைத்ததா என்பதையும் குறியுங்கள். நாற்காலிக்காக உங்கள் நாளை மாற்றிக்கொள்ளாதீர்கள். காய்ச்சலான நாள், கடையில் கூட்டம் அலைமோதும் நாள், மனம் சரியில்லாத நாள் எல்லாவற்றிலும் அது உங்களோடு எப்படி ஒத்துப்போகிறது என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்காத செய்தி.

உங்கள் மனைவிக்கும் அந்த நோட்டில் சில பக்கங்களை ஒதுக்குங்கள். நாற்காலியை வாசற்படியில் ஏற்றுபவரும், கழுவித் துடைப்பவரும், இரவில் எழுந்து நகர்த்துபவரும் அவராக இருக்கக்கூடும். புதிய நாற்காலி உங்களுக்குச் சுகமாகவும் அவர் தோளுக்குப் பாரமாகவும் இருந்தால் அது தேறிய நாற்காலி ஆகாது. நிறுவனத்தினர் வீட்டுக்கு வரும்போது உங்களிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போனால், அவரிடமும் தனியாகக் கேட்கும்படி நீங்களே சொல்லுங்கள்.

மூன்று மாதம் முடிந்த பிறகு என்ன என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். அமெரிக்காவில் செகண்ட் சைட் என்ற நிறுவனம், பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் பொருத்தும் மின் கருவியைச் செய்து வந்தது; உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோர் அதைப் பொருத்திக்கொண்டார்கள். 2019-இல் நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டபோது, பழுதானால் பார்க்க ஆளில்லாத கருவியைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு அவர்கள் நின்றார்கள். உங்கள் நாற்காலியை உடலில் பதிக்கவில்லை என்றாலும், மூன்று மாதம் மேல் தட்டை எட்டிப் பழகிய கைக்கு அது திரும்பப் போகும் நாள் எளிதாக இராது. நாற்காலி உங்களிடமே இருக்குமா, இருந்தால் உதிரி பாகங்களும் பழுதுபார்ப்பும் எத்தனை ஆண்டுக்கு, எடுத்துக்கொண்டால் சந்தைக்கு வரும்போது உங்களுக்கு என்ன விலை என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். எது எப்படி ஆனாலும், இப்போதுள்ள பழைய நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், விற்கவும் விற்காதீர்கள். காற்றடித்து, துடைத்து, கூடத்தில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். புதியது நடுவழியில் நின்றாலும், தோலில் அடையாளம் தெரிந்தாலும், அன்றைக்கு உங்களுக்குக் கடை உண்டு, வருமானம் உண்டு என்பதற்கு அதுதான் உறுதி.

முதலில் செய்ய வேண்டியது மருத்துவமனைக்குப் போவது. மருத்துவர் 'நிற்கலாம்' என்று எழுதிக் கொடுத்து, சாய்வுப் பலகைப் பயிற்சியும் முடிந்த பிறகு, முதல் முறை எழுந்து நிற்பதைக் கடையில் வாடிக்கையாளர் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக் கூடத்தில், சமதளத்தில், சிகிச்சையாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பிரேக் போட்டு, மார்புப் பட்டையும் முழங்கால் பட்டையும் கட்டிய பிறகு, பாதி உயரம் வரை மட்டும் எழுந்து ஓரிரு நிமிடம் நின்று இறங்குங்கள். உங்கள் மனைவி எதிரில் நின்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். முகம் வெளிறுவதும் வியர்ப்பதும் உங்களுக்கு முன் அவருக்குத் தெரிந்துவிடும். இறங்கிய பின், அந்த நோட்டின் முதல் பக்கத்தை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.